டிப்ஸ் யாருடைய பணம்? அமெரிக்க உணவக சர்வரின் சம்பளக் கணக்கு

அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்துக்குப் போன எல்லோருக்கும் பில்லின் அடியில் இருக்கும் அந்தக் காலிக் கோடு தெரியும். சாப்பாட்டு விலை, வரி, அதற்குக் கீழே ‘டிப்’ என்று போட்டு ஒரு கோடு. பதினெட்டு சதவீதம் போடலாமா, இருபது போடலாமா என்று மேசையில் பேச்சு நடக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, “சாப்பாட்டுக்குத்தான் காசு கொடுத்தாச்சே, இது வேற எதுக்குப்பா?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். அந்த சர்வருடைய சம்பளத்தில் பெரும்பகுதியை முதலாளி தரவேண்டியதில்லை, சாப்பிட வருபவர் தருவார் என்று சட்டமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கோடு.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று சாப்பிடுகிறவர்களுக்கும் தெரிவதில்லை, பரிமாறுகிறவர்களில் பலருக்கும் தெரிவதில்லை. தெரியாததால் நஷ்டம் பரிமாறுகிறவருக்கு மட்டும்தான். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அமெரிக்காவின் ஃபெடரல் சட்டப்படி, அதாவது மத்திய அரசின் சட்டப்படி, குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து இதே தொகைதான். ஆனால் மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் கிடைக்கிற வேலையில் இருப்பவருக்கு, முதலாளி தன் பையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். மிச்சமுள்ள 5.12 டாலரை டிப்ஸே ஈடுகட்டிவிட்டது என்று கணக்கு காட்டிக்கொள்ளலாம். இதற்கு ‘டிப் கிரெடிட்’ என்று பெயர்.

முதலில் மனதில் வைக்கவேண்டியது இது: 2.13 டாலர் என்பது சர்வருக்கு நிர்ணயித்த கூலி அல்ல. அவருக்கும் கூலி 7.25 டாலர்தான். 5.12 டாலரைத் தான் கொடுக்காமல் இருக்க முதலாளிக்கு அரசு காட்டியிருக்கும் சலுகையே டிப் கிரெடிட். சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. நிபந்தனையை மீறினால் சலுகை ரத்து, முழு 7.25 டாலரையும் அவரே கொடுக்கவேண்டும், வாங்கிய டிப்ஸும் சர்வரிடமே இருக்கும். கீழே வரும் ஒவ்வொரு விதியையும் இந்தக் கோணத்தில் படித்தால் எதையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

இந்தச் சலுகை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்த நியாயத் தொழில் தர நிர்ணயச் சட்டம் 1938-இல் வந்தது. உணவகத் தொழிலாளர்கள் அப்போது பெரும்பாலும் அதற்குள் வரவில்லை. ரயில் நிலையங்களில் பெட்டி தூக்கியவர்கள் அந்தச் சட்டப்படி கூலி கேட்டார்கள். பயணிகள் தரும் டிப்ஸையே கூலியாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று 1942-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1966-இல் சட்டத்தைத் திருத்தி உணவகங்களையும் ஹோட்டல்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். கூடவே டிப் கிரெடிட்டும் வந்தது. குறைந்தபட்சக் கூலியில் பாதிவரை டிப்ஸால் கழித்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி.

1991-இல் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர் ஆனது. அதில் பாதிதான் இந்த 2.13. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூலியை உயர்த்தியபோது இந்தப் ‘பாதி’ என்ற இணைப்பை வெட்டிவிட்டது. அதன்பின் பொதுக் கூலி ஏறி ஏறி 7.25-க்கு வந்தது, 2.13 மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அதே 2.13-க்குப் பரிமாறப் போகிறார்கள். இதை நியாயம் என்று சொல்ல எனக்கு எந்த வழியும் தெரியவில்லை.

ஒரு வாரக் கணக்கு

டெக்சாஸில் வேலை பார்க்கும் ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். பெயர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் மாநிலத்துக்கென்று தனி உயர்வு கிடையாது, அதே 7.25, அதே 2.13. மழை, கூட்டமில்லாத வாரம். செல்வி 30 மணி நேரம் நின்றார். மேசைகளிலிருந்து கிடைத்த டிப்ஸ் மொத்தம் 120 டாலர்.

முதலாளி தரவேண்டிய 2.13 கணக்கில் 63.90 டாலர். டிப்ஸோடு சேர்த்தால் 183.90. ஆனால் 30 மணி நேரத்துக்கு 7.25 வீதம் 217.50 வந்திருக்கவேண்டும். 33.60 டாலர் குறைகிறது. அந்தக் குறையை முதலாளி தன் கையிலிருந்து போட்டு, 97.50 டாலருக்குக் காசோலை எழுதவேண்டும். இது கட்டாயம்.

இந்தக் கணக்கை வாராவாரம் தனித்தனியாகப் போடவேண்டும். “போன வாரம் உனக்கு நல்லா வந்துச்சேம்மா, அதையும் இதையும் சேத்துப் பாத்தா சரியாயிடும்” என்று மேனேஜர் சொன்னால் அது செல்லாது. நல்ல வாரத்தின் டிப்ஸ் நல்ல வாரத்தோடு முடிந்தது.

இங்கேதான் ஒரு தந்திரம் நடக்கிறது. ஷிப்ட் முடிந்து க்ளாக் அவுட் செய்யும்போது, ‘இன்று ரொக்க டிப்ஸ் எவ்வளவு?’ என்று திரையில் ஒரு கட்டம் வரும். சர்வர் 14 என்று தட்டப்போவார். பின்னால் நிற்கிறவர், “அவ்வளவு கம்மியா போட்டா சிஸ்டம் எடுத்துக்காது, 40 போடு” என்பார். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அந்த 40 பதிவானால் வாரக் கணக்கில் குறையே தெரியாது; முதலாளி போடவேண்டிய ஈட்டுத்தொகை காணாமல் போகும். வராத டிப்ஸுக்கு வரியும் சர்வர் தலையில் விழும். கையில் வந்ததை மட்டும் போடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சொல்லாமல் எடுத்தால் சலுகை இல்லை

டிப் கிரெடிட் எடுக்கப்போகிறோம் என்பதை முதலாளி சர்வரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். தன் கையிலிருந்து எவ்வளவு தருவார், டிப்ஸிலிருந்து எவ்வளவு கழித்துக்கொள்வார், உண்மையில் வந்த டிப்ஸுக்கு மேல் கழிக்க முடியாது, முறையான டிப் பூலுக்கு (ஊழியர்களின் டிப்ஸை ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கும் ஏற்பாடு) போவது தவிர மற்ற டிப்ஸ் முழுவதும் சர்வருக்கே, இதையெல்லாம் சொல்லாவிட்டால் சலுகையே கிடையாது என இத்தனையும் தெரிவிக்கவேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். ஆனால் சொல்லியிருக்கவேண்டும். “இங்க எல்லாருக்கும் 2.13 தான்” என்ற ஒரே வாக்கியத்தோடு வேலைக்குச் சேர்த்த இடங்கள் எத்தனையோ. அந்த ஒரு வாக்கியம் போதாது.

டிப்ஸைத் தொடக்கூடாதவர்கள்

2018 மார்ச்சில் ஃபெடரல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. இந்த விஷயத்தில் அண்மைக் காலத்தில் நடந்த பெரிய நல்ல காரியம் அதுதான் என்பேன். டிப் கிரெடிட் எடுத்தாலும் சரி, முழுக் கூலி கொடுத்தாலும் சரி, ஊழியரின் டிப்ஸை முதலாளி எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ளக் கூடாது. மேனேஜரோ சூப்பர்வைசரோ அதில் பங்கு எடுக்கவும் அனுமதிக்கக் கூடாது. கடையில் 20 சதவீதப் பங்காவது வைத்திருந்து நிர்வாகத்திலும் ஈடுபடுகிறவரும் இந்தத் தடைக்குள் வருவார். மேனேஜர் தானே ஒரு மேசைக்கு ஆரம்பம் முதல் கடைசிவரை தனியாகப் பரிமாறியிருந்தால், அந்த மேசையின் டிப்ஸை அவர் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் விலக்கு.

குடும்பமாக நடத்தும் சின்ன உணவகங்களில் இது அடிக்கடி மீறப்படுகிறது. நம்மவர்கள் கடைகளும் விதிவிலக்கல்ல. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. எல்லா டிப்ஸும் அதில் போகும். ராத்திரி முதலாளியின் மச்சான் எண்ணிப் பிரிப்பார், தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு. “நானும்தானேப்பா காலையிலேருந்து ஓடுறேன்” என்பார். ஓடியிருக்கலாம். ஆனால் ஆள் வைப்பது, ஷிப்ட் போடுவது, வேலையிலிருந்து நீக்குவது என்று கடையை நடத்துவதே அவர் வேலை என்றால் அந்த டப்பாவில் அவருக்குப் பங்கு இல்லை.

டிப் பூல் என்பதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. எல்லோருடைய டிப்ஸையும் ஒன்றாகப் போட்டுப் பிரிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, கட்டாயமாக்கவும் அனுமதிக்கிறது. யார் யார் அதில் இருக்கலாம் என்பதுதான் கேள்வி. முதலாளி 2.13 மட்டும் கொடுக்கிறார் என்றால், வழக்கமாக டிப்ஸ் கிடைக்கும் வேலைக்காரர்கள் மட்டுமே பூலில் இருக்கலாம்: சர்வர், பார்டெண்டர், தட்டு எடுத்து மேசை துடைக்கும் பஸ்ஸர் போன்றவர்கள். சமையல்காரரையும் பாத்திரம் கழுவுகிறவரையும் அதில் சேர்த்தால் டிப் கிரெடிட் சலுகை போய்விடும். எல்லோருக்கும் முழு குறைந்தபட்சக் கூலியைத் தானே கொடுக்கிற முதலாளி, சமையலறைக்காரர்களையும் பூலில் சேர்க்கலாம். பின்கட்டில் அனலில் நிற்கிறவருக்கும் ஒரு பங்கு போவதை நான் வரவேற்கிறேன். அந்தப் பங்கைச் சர்வரின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு முதலாளி 5.12 டாலரையும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதுதான் விதி.

பூலில் சேர்ந்த பணத்தை அந்தச் சம்பள நாளுக்குள் பிரித்துவிடவேண்டும். கார்டில் வந்த டிப்ஸும் அப்படித்தான். “பேங்க்லேருந்து இன்னும் வரலை” என்று தள்ளிப்போட முடியாது. கார்டு நிறுவனத்துக்குப் போகும் கட்டணத்தை டிப்ஸின் அளவுக்குக் கழிக்க ஃபெடரல் சட்டம் இடம் தருகிறது: கட்டணம் 3 சதவீதம் என்றால் 20 டாலர் டிப்ஸில் 60 சென்ட். அதற்குமேல் ஒரு சென்ட் கூடக் கழிக்க முடியாது. கலிஃபோர்னியாவில் அந்த 60 சென்ட்டையும் தொடமுடியாது.

உடைந்த தட்டும் ஓடிப்போன வாடிக்கையாளரும்

சாப்பிட்டுவிட்டுப் பணம் கட்டாமல் ஒரு குடும்பம் நழுவிவிட்டது. பில் 86 டாலர். “உன் டேபிள், நீதான் பாத்திருக்கணும்” என்று சர்வர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பது.

2.13 டாலர் வாங்கும் சர்வரிடம் இப்படி ஒரு சென்ட் கூடப் பிடிக்கமுடியாது. காரணம் எளிது. முதலாளி முழு டிப் கிரெடிட்டையும் எடுத்துக்கொண்டுவிட்டதால், சட்டத்தின் கண்ணில் அந்த சர்வர் சரியாக 7.25 மட்டுமே வாங்குகிறார். அவருக்கு அன்றைக்கு 300 டாலர் டிப்ஸ் வந்திருந்தாலும் அப்படித்தான் பார்க்கவேண்டும். அதிலிருந்து எதைக் கழித்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போய்விடும். உடைந்த தட்டு, கல்லாவில் குறைந்த பணம், பில் கட்டாமல் போனவர், கடைப் பெயர் போட்ட சீருடையின் விலை எல்லாவற்றுக்கும் இதுவே விதி. வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்பார்கள். குறைந்தபட்சக் கூலியை விட்டுக்கொடுக்கும் உரிமை தொழிலாளிக்கே கிடையாது. அந்தக் கையெழுத்துக்கு இங்கே மதிப்பில்லை.

ஓவர்டைமில் இன்னொரு கோளாறு. வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு என்பது எல்லோருக்கும் தெரியும். பல கடைகளில் 2.13-ஐ ஒன்றரையால் பெருக்கி 3.20 என்று போட்டுவிடுகிறார்கள். தப்பு. பெருக்கவேண்டியது முழுக் கூலியான 7.25-ஐ. அது 10.88 ஆகும். அதிலிருந்து 5.12 கழித்தால் 5.76. ஓவர்டைம் மணிக்கு முதலாளி கையிலிருந்து வரவேண்டியது அவ்வளவு. பே ஸ்டப்பில், அதாவது சம்பளச் சீட்டில், ஓவர்டைம் என்ற வரிக்கு நேராக 3.20 என்று இருக்கிறதா, 5.76 என்று இருக்கிறதா? நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஓர் எண்ணைத்தான். இதைத் தப்பாகப் போடுகிற கடை மற்றதையும் தப்பாகத்தான் போட்டிருக்கும்.

கடை திறக்கும் முன்னும் மூடிய பின்னும் துடைப்பது, காபி போட்டுவைப்பது, முள்கரண்டியைத் துணியில் சுற்றுவது போன்ற வேலைகளுக்கும் 2.13 தானா? இதற்கு ஒரு கணக்கு இருந்தது: டிப்ஸ் வராத துணைவேலை 20 சதவீத நேரத்தைத் தாண்டினால் முழுக் கூலி. பழைய விளக்கங்களில் இன்னும் அப்படியே இருக்கும். 2021-இல் அதை விரிவாக்கி எழுதிய விதியை 2024 ஆகஸ்டில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தொழிலாளர் துறையும் அதை விதிப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. முற்றிலும் வேறான வேலைக்கு முழுக் கூலி என்பது மட்டும் நிற்கிறது. காலையில் கட்டடப் பராமரிப்பு, மாலையில் பரிமாறல் என்று இரண்டு வேலை பார்ப்பவருக்கு, பராமரிப்பு நேரத்தில் டிப் கிரெடிட் எடுக்கமுடியாது.

பில்லில் அச்சாகி வரும் ‘சர்வீஸ் சார்ஜ்’ டிப்ஸ் அல்ல. ஆறு பேருக்கு மேல் போனால் 18 சதவீதம் தானாகவே சேரும் என்று மெனுவில் போட்டிருப்பார்களே, அதுவும் இதே வகை. டிப்ஸ் என்றால் கொடுப்பவர் தன் விருப்பப்படி, தானே தொகையை முடிவு செய்து கொடுத்ததாக இருக்கவேண்டும். கட்டாயமாகச் சேர்த்த பணம் ஃபெடரல் சட்டப்படி கடையின் வருமானம். அதைச் சர்வருக்குக் கொடுத்தால் சம்பளமாகக் கணக்காகும், கொடுக்காவிட்டால் ஃபெடரல் சட்டத்தில் கேட்க வழியில்லை. சில மாநிலங்கள் இதில் கடுமையாக இருக்கின்றன. இந்தியாவில் இதே கட்டணத்தைப் பற்றி வேறொரு சண்டை நடந்தது. உணவகங்கள் அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அங்கே பேச்சு வாடிக்கையாளரின் உரிமையைப் பற்றி. அமெரிக்காவில் கேட்கவேண்டியது வேறு: ‘இந்தப் பணம் உங்களுக்கு வருகிறதா?’ என்று சர்வரிடமே கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

மாநிலம் மாறினால் கணக்கு மாறும்

இதுவரை சொன்னது ஃபெடரல் சட்டம். மாநிலச் சட்டம் தொழிலாளிக்குக் கூடுதலாகத் தந்தால் அதுதான் செல்லும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரேகான், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட்டே கிடையாது. 2025-இல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி 16.50 டாலர்; சர்வருக்கும் அதை முழுசாகக் கொடுக்கவேண்டும், டிப்ஸ் அதற்குமேல். அதே ஆண்டு இல்லினாயில் சர்வருக்கு முதலாளி கையிலிருந்து 9 டாலர், நியூ ஜெர்சியில் 5.62, பென்சில்வேனியாவில் 2.83. பென்சில்வேனியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவில் ஓர் ஆறுதான் ஓடுகிறது. ஒரே வேலை, ஒரே தோசை.

டிப் கிரெடிட்டை ஒழித்தால் உணவகங்கள் மூடிவிடும் என்ற வாதம் எப்போதும் வரும். மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் இதை வாக்கெடுப்புக்கு விட்டபோது மக்கள் வேண்டாம் என்றுதான் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்களில் நல்ல டிப்ஸ் வாங்கும் சர்வர்களும் இருந்தார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கலிஃபோர்னியாவில் உணவகங்கள் இல்லாமல் போய்விடவில்லை, அங்கே டிப்ஸ் கொடுப்பதும் நின்றுவிடவில்லை.

வரி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாதம் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் வந்தால் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் முதலாளியிடம் எழுதித் தரவேண்டும். 2025 ஜூலையில் வந்த சட்டத்தை ‘டிப்ஸுக்கு வரி இல்லை’ என்று சொல்கிறார்கள். முழு உண்மை அல்ல. 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை ஃபெடரல் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். தனியாக வரிக் கணக்குத் தாக்கல் செய்பவரின் வருமானம் 150,000 டாலரைத் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கும். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் அப்படியே தொடரும். எனவே டிப்ஸைக் கணக்கில் காட்டவேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காட்டாத வருமானம் வீட்டுக் கடன் கேட்கும்போதும் உதவாது, ஓய்வூதியத்திலும் சேராது.

பணம் குறைந்தால்

முதலில் சொந்தப் பதிவு. ஒரு சின்ன நோட்டோ போனில் ஒரு பக்கமோ போதும்: தேதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், ரொக்க டிப்ஸ், கார்டு டிப்ஸ், பூலுக்குக் கொடுத்தது. நேரக் கணக்கை வைத்திருப்பது சட்டப்படி முதலாளியின் கடமை. அவர் ஒழுங்காக வைக்காவிட்டால், தொழிலாளி நியாயமாகக் காட்டும் கணக்கை ஏற்கலாம் என்று 1946-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நோட்டுதான் அப்போது உங்கள் சாட்சி.

புகாரை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஊதிய, வேலைநேரப் பிரிவிடம் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, பெயரை ரகசியமாக வைப்பார்கள், ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள். எண் 1-866-487-9243. புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு எடுப்பது, ஷிப்ட் குறைப்பது, மிரட்டுவது எல்லாம் தனிக் குற்றம்.

மாணவர் விசாவில் வந்து, வாரக்கடைசியில் ‘கேஷ்’ வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை பார்ப்பது விசா விதிக்கு விரோதம். அது படிப்பையே பாதிக்கலாம், அதனால் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் செய்த வேலைக்குக் கூலி என்பது வேறு விஷயம். கூலிச் சட்டம் குடியேற்ற நிலையைப் பார்ப்பதில்லை. “போலீஸுக்குப் போனா உனக்குத்தான் தம்பி பிரச்சினை” என்று சொல்லியே மாதக் கணக்கில் கூலியை நிறுத்திவைக்கும் முதலாளிக்கு அந்தக் கூலி சொந்தமாகிவிடாது. இந்த நிலையில் இருப்பவர்கள் நேரே புகாருக்குப் போகாமல், முதலில் தொழிலாளர்களுக்கு இலவச சட்ட உதவி தரும் அமைப்பிலோ குடியேற்ற வழக்கறிஞரிடமோ பேசிவிட்டுப் போவது நல்லது.

வழக்கில் வென்றால் பாக்கிக் கூலியோடு அதே அளவு தொகை இழப்பீடாகவும் கிடைக்கும், முதலாளி எடுத்த டிப்ஸுக்கும் அப்படியே. ஆனால் காலக்கெடு உண்டு: இரண்டு ஆண்டு, தெரிந்தே மீறியிருந்தால் மூன்று. இதில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. தொழிலாளர் துறையில் புகார் கொடுத்துவிட்டதாலேயே இந்தக் கெடு நின்றுவிடாது. நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட நாளிலிருந்துதான் பின்னோக்கி எண்ணுவார்கள். துறையின் விசாரணை இழுத்துக்கொண்டே போனால், பழைய வாரங்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விழுந்துகொண்டிருக்கும். அதனால் புகார் கொடுத்த கையோடு ஒரு வழக்கறிஞரிடம் தேதிகளைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.